நேரில் பார்த்தவர் கையொப்பம்

போன மாதம் தென்காசியில் எங்கள் ஓய்வூதியர் கூட்டம் நடந்தது. வழக்கமாக அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் சர்க்கரை அளவைப் பற்றிப் பேசுவோம், மீதிப் பேர் உட்கார்ந்தபடியே தூங்குவோம். இந்தத் தடவை தபால் இலாகாவில் இப்போது வேலையில் இருக்கும் கவிதா என்ற இளம் அதிகாரி லேப்டாப்போடு வந்திருந்தார். கிராமத் தபால்காரர் போக வேண்டிய வழியை இனிமேல் கம்ப்யூட்டரே போட்டுக் கொடுத்துவிடும் என்றார். திரையில் நம் பக்கத்து வரைபடம் விரிந்தது. ஊர்களை ஒவ்வொன்றாகத் தொட்டு ஒரு பொத்தானை அழுத்தினார். அச்சன்புதூர் பக்கத்து ஊர்களையெல்லாம் கோத்துக்கொண்டு ஒரு நீலக் கோடு ஓடியது. எந்த ஊருக்கு முதலில் போனால் தூரம் குறையும், எத்தனை நிமிஷம் ஆகும் என்பதெல்லாம் ஓரத்தில் வந்துவிட்டது. நான் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த வேலை, அந்தப் பெண் ஒரு வாய் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

"முன்னாடி இதையெல்லாம் எப்படி சார் செஞ்சீங்க?" என்று கேட்டார்.

எனக்குப் பக்கத்தில் இருந்தவர் சும்மா இருக்கவில்லை. "நம்ம கோமதிநாயகம் அண்ணாச்சிட்ட கேளும்மா. நூல வச்சே கோடு போட்ட ஆளு. அந்தக் காலத்துல எந்த வழின்னாலும் இவர்ட்டதான் வரும்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் மாலை போட்ட மாடு மாதிரி தலையை ஆட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் கவிதா அந்தக் கேள்வியைக் கேட்டார். "பழைய படிவத்துல கடைசியில 'நேரில் பார்த்தவர் கையொப்பம்'னு ஒரு கட்டம் இருக்கு சார். இப்ப மேல இருந்து எடுத்த படமே எல்லாத்தையும் காட்டிடுது. அந்தக் கட்டத்தை எடுத்துடலாம்னு நினைக்கோம். நீங்க என்ன சொல்லுதீங்க?"

"எடுத்துடலாம்மா" என்றேன். யோசிக்காமல் சொன்னேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய். யோசித்துத்தான் சொன்னேன். வேறு பதில் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், ஏன் என்று சொல்ல வேண்டி வரும். வடையும் காபியும் வந்தன. சாப்பிட்டுவிட்டு வந்தேன். வீட்டில் சட்டையைக் கழற்றும்போது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. அன்று சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு இலாகாவில் குமாஸ்தா வேலை கிடைத்தது. பயிற்சியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. முத்திரை குத்தப் படித்தேன், பை கட்டப் படித்தேன், அரக்கு உருக்கி விரலைச் சுட்டுக்கொண்டேன். இரண்டு மூன்று வருஷத்தில் இன்ஸ்பெக்டரின் அலுவலகத்துக்கு மாற்றினார்கள். அங்கேதான் வரைபடத்தைப் பார்த்தேன். ஒரு மைலை ஒரு அங்குலமாகப் போட்ட பெரிய தாள். குளம், ஓடை, வண்டிப்பாதை, கோயில், கிணறு எல்லாம் இருக்கும். மேற்கே மலை பழுப்புக் கோடுகளாக நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். எனக்கு அதைப் பார்த்ததும் பைத்தியம் பிடித்துவிட்டது.

வழி போடுவது எப்படி என்று சொல்கிறேன். கிராமத்துத் தபால் பை காலை பஸ்ஸில் கிளை அஞ்சலகத்துக்குப் போகும். அங்கிருந்து தபால்காரர் சைக்கிளில் சுற்றியிருக்கிற குடியிருப்புகளுக்கெல்லாம் போய்விட்டு, மாலைப் பை புறப்படும் முன் திரும்பிவிட வேண்டும். அவர் போகவேண்டிய ஒவ்வொரு இடத்திலும் ஒரு குண்டூசி குத்துவேன். வெள்ளை நூலைத் தண்ணீரில் நனைத்து, பாதை வளைகிற இடத்திலெல்லாம் வளைத்து, தாளின் மேல் ஒட்டிக்கொண்டே போவேன். நனைந்த நூல் நகராது. முடிந்ததும் நூலை எடுத்து ஸ்கேலில் நீட்டி அளப்பேன். பிறகு ஊசிகளின் வரிசையை மாற்றி மறுபடியும் ஒட்டுவேன். எந்த வரிசையில் நூல் குறைச்சலோ அதுதான் வழி. பார்க்கச் சின்ன வேலைதான். ஆனால் ஆறு ஊசி இருந்தால் எத்தனை விதமாகச் சுற்றலாம் என்று போட்டுப் பார்த்தவனுக்குத்தான் அதன் ருசி தெரியும்.

வழி முடிவானதும் ஒரு வழித்தாள் எழுத வேண்டும். அதில் தூரம் ஒரு கட்டம், நேரம் ஒரு கட்டம். கடைசிக் கட்டம் நேரில் பார்த்தவர் கையொப்பம். வழி போட்டவன் தபால்காரரோடு ஒருநாள் முழுக்கச் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

எங்கள் இன்ஸ்பெக்டர் சங்கரலிங்கம் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. வழித்தாளைக் கொண்டுபோனால் நின்றபடியேதான் வாசிப்பார். பேனாவைத் திறந்து, மூடியை இடது கை விரல்களுக்குள் வைத்துக்கொள்வார். மூன்று கேள்வி கேட்பார். "எத்தனை மைலு? எத்தனை நிமிஷம்? யாரு நேர்ல பாத்தா?" மூன்றுக்கும் பதில் சரியாக இருந்தால் கையெழுத்து விழும். எதிலாவது சந்தேகம் வந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். மூடி மெதுவாகப் பேனாவில் ஏறிவிடும். அதைப் பார்த்தால் அன்றைக்கு நமக்குச் சோறு இறங்காது.

தென்காசிக்கு வடக்கே, வாசுதேவநல்லூர் போகிற ரோட்டை விட்டு மேற்கே இறங்கினால் ஒரு ஊர். பெயரை எழுதவில்லை. அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், எனக்கு உறவுக்காரர்களும் இருக்கிறார்கள். ஊரின் கிழக்குக் கோடியில் கிளை அஞ்சலகம். அங்கிருந்து மேற்கே நீளமாக நடுத்தெரு. அது முடிகிற இடத்திலிருந்து மலையடிவாரம் வரைக்கும் சின்னச் சின்னக் குடியிருப்புகள். தபால்காரர் பெயர் முத்தையா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நடுத்தெருக்காரர்கள் தொட்டால் தீட்டு என்று ஒதுக்கிவைத்த கீழத்தெருவில் அவருக்கு வீடு.

அவருடைய பழைய வழி பதினொரு மைல். தாளில் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வந்தது. அஞ்சலகத்திலிருந்து நேரே நடுத்தெரு வழியாக மேற்கே போகவேண்டிய கோடு, தெற்கே இறங்கி, பெரிய குளத்துக் கரையை முழுக்கச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் ஏறியது. திரும்பி வருவதும் அப்படியே. அந்தக் கோட்டைப் போட்டவர் தபால்காரர்களை மேற்பார்க்கிற ஓவர்சியர் மாடசாமி அண்ணாச்சி. அவர் ஓய்வு பெற அப்போது இன்னும் சில மாதங்களே இருந்தன.

"என்ன அண்ணாச்சி, மாடு மேய்ச்சுகிட்டே கோடு போட்டீங்களா?" என்று அலுவலகத்தில் நாலு பேர் கேட்கக் கேலி செய்தேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. "அந்த வளைவை மட்டும் தொடாதேயும் வே" என்றார்.

"ஏன்?"

"ஒருதரம் நேர்ல போய்ப் பாரும். முத்தையா கூடவே போம். அப்புறம் உம்ம இஷ்டம்."

நான் நூலை நனைத்தேன். நடுத்தெரு வழியாக ஒட்டினேன். ஏழரை மைல் வந்தது. மிச்சமான நேரத்தில் அடிவாரத்தில் இன்னொரு குடியிருப்பையும் முத்தையா தலையில் கட்டலாம். அங்கே அதுவரை வாரத்துக்கு இரண்டு நாள்தான் தபால் போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இந்த இடத்தில் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்த வைகாசியில்தான் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. பெண் எடுத்தது அதே ஊரில், அதே நடுத்தெருவில். கீழத்தெருவிலிருந்து யாரும் அந்தத் தெருவுக்குள் செருப்புப் போட்டு வரமாட்டார்கள், சைக்கிளைக் கொண்டுவரவே கூடாது என்பதெல்லாம் எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. முத்தையா தெருமுனையில் சைக்கிளையும் செருப்பையும் விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்து கடிதம் கொடுத்துவிட்டுப் போவதை என் மாமனார் வீட்டு வாசலில் நின்று நானே பார்த்திருக்கிறேன். ஆனால் நூலை ஒட்டும்போது அது என் நினைவுக்கு வரவே இல்லை. மறந்ததுகூட இல்லை. அந்தத் தெரு எனக்குத் தெரு, எல்லாருக்கும் தெரு என்றே மனசு நினைத்தது. அவ்வளவு சௌகரியமான இடத்தில் நான் பிறந்திருந்தேன்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை நேரில் பார்க்க வருகிறேன் என்று முத்தையாவுக்கு எழுதிப் போட்டேன். காலை ஏழு மணிக்குக் குளத்துக் கரையில் நிற்கச் சொல்லியிருந்தேன். புதன்கிழமை என் மச்சினன் வீட்டுக்கு வந்தான்.

"அத்தான், நாளைக்கு எல்லாரும் குத்தாலம் போறோம். ஐந்தருவில தண்ணி கொட்டுகொட்டுன்னு கொட்டுதாம். அக்காவும் நீங்களும் வந்துருங்க."

"நாளைக்கு எனக்கு வேலை இருக்கே. உங்க ஊருக்குத்தான் வரணும்."

"எங்க ஊரு எங்கனயும் ஓடிப் போயிராது அத்தான். சாரல் ஓடிரும்."

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் ஐந்தருவியில் நின்றேன். உடம்பெல்லாம் எண்ணெய். தலையில் தண்ணீர் விழுந்த வேகத்தில் உலகமே மறந்துவிட்டது. புதுப் பெண்டாட்டி ஈரப் புடவையோடு நடுங்கிக்கொண்டு சிரித்தாள். பிறகு வாழையிலையில் புளியோதரை. சந்தோஷமான நாள்தான். அதையும் சொல்ல வேண்டும். இத்தனை வருஷமாக அந்த நாளைச் சந்தோஷமாக நினைக்க முடியாமல் போனது என் தப்பு, அருவியின் தப்பு இல்லை.

வெள்ளிக்கிழமை வழித்தாளைக் கொண்டுபோனேன். இன்ஸ்பெக்டர் நின்றபடி வாசித்தார். மூடி இடது கையில் இருந்தது.

"எத்தனை மைலு?"

"ஏழரை சார். முன்னாடி பதினொண்ணு."

"எத்தனை நிமிஷம்?" சொன்னேன்.

"யாரு நேர்ல பாத்தா?"

"நான்தான் சார். நேத்து போய்ட்டு வந்தேன்."

என் கழுத்தில் அருவித் தண்ணீரின் குளிர் இன்னும் இருந்ததாக எனக்கு ஞாபகம். கையெழுத்து விழுந்தது. "நல்ல வேலை வே" என்றார். அவர் வாயில் அந்த வார்த்தை அபூர்வம்.

ஆடி பிறந்ததும் புதுமாப்பிள்ளை அழைப்பு. மாமனார் வீட்டில் விருந்து. பந்தியில் பாயசம் வந்தபோது மாமனார் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"மாப்ள, போன வாரம் ஒரு கூத்து நடந்துச்சு. தபால்கார முத்தையா சைக்கிளை உருட்டிகிட்டு தெருவுக்குள்ள வாரான். கால்ல செருப்பு. என்னலேன்னு கேட்டா, ஆர்டர் சார்ங்கான். தாளை நீட்டுதான். பாத்தா அதுல உங்க கையெழுத்து!"

பந்தியே சிரித்தது.

"எங்க மாப்பிள்ளைக்கு இங்கத்த நடைமுறை தெரியாதா, நீ எதையோ தப்பா வெளங்கிகிட்டன்னு சொல்லி திருப்பி அனுப்பிட்டோம். நம்ம பயலுவோ ரெண்டு பேரு சைக்கிள் டயர்ல காத்தைப் பிடுங்கிட்டானுவோ. நான்தான் சத்தம் போட்டு விலக்கிவிட்டேன்."

நானும் சிரித்தேன். இலையில் ஊற்றிய பாயசத்தை வழித்துச் சாப்பிட்டேன். அந்த ஒரு கணத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மாடசாமி அண்ணாச்சி எதற்கு வளைத்தார், முத்தையா இனி எந்த வழியாகப் போவார், அந்த வழியில் அவருக்கு எத்தனை நேரம் பற்றாமல் போகும், எல்லாம் கணக்குப் போட்டதுபோல் தெரிந்தது. மறுநாள் அலுவலகத்துக்குப் போய், "சார், வழி தப்பு, நான் போய்ப் பார்க்கவில்லை" என்று சொல்லியிருக்கலாம். ஒரு மெமோ வந்திருக்கும். அவ்வளவுதான். நான் சொல்லவில்லை.

முத்தையா பழையபடி குளத்தைச் சுற்றினார். ஆனால் தாளில் அவருக்கு ஏழரை மைலுக்கான நேரம்தான், கூடுதலாக ஒரு குடியிருப்பு வேறு. மாலைப் பை தினமும் தாமதமானது. ஏன் என்று விளக்கம் கேட்டு மெமோ போனது. மெமோவை எழுதியவன் நான். 'சைக்கிள் பஞ்சர்' என்று பதில் வந்தது. அடுத்த மெமோவுக்கு 'வயிற்று வலி'. மூன்றாவதற்கு 'எதிர்க்காற்று'. ஒவ்வொரு பதிலும் பொய் என்று எனக்குத் தெரியும். உண்மை என்ன என்றும் தெரியும். ஆனாலும் ஒவ்வொன்றின் கீழும் 'ஏற்கத்தக்கதல்ல' என்று எழுதி இன்ஸ்பெக்டரிடம் வைத்தேன்.

புரட்டாசியில் ஒரு புகார் வந்தது. புதிதாகச் சேர்த்த அடிவாரக் குடியிருப்பில் ஒரு பெரியவர். மகன் ராணுவத்தில். மகன் எழுதிய கடிதம் ஒரு வாரம் கழித்துக் கைக்கு வந்திருக்கிறது. உறையின் மேல் முத்தையாவின் கையெழுத்தில் 'வீடு பூட்டியிருந்தது' என்று மூன்று தேதி. பெரியவர் புகாரில் எழுதியிருந்தார், என் வீட்டுக்குக் கதவே கிடையாது, தட்டிதான் கட்டியிருக்கிறேன், அதை எப்படிப் பூட்டுவது என்று.

அலுவலகத்தில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். விஷயம் எளிது. குளத்தைச் சுற்றிப் போய், முதல் மூன்று குடியிருப்புகளை முடித்ததும் பொழுது சாய்ந்துவிடுகிறது. நாலாவது இடத்துக்குப் போனால் மாலைப் பை தப்பிவிடும். போகாத வீட்டுக்குப் போனதாக எழுதிவிட்டு முத்தையா திரும்பியிருக்கிறார். இலாகாவில் இதைவிடப் பெரிய குற்றம் சிலதுதான் உண்டு. குற்றப்பத்திரிகையை நான்தான் தட்டச்சு செய்தேன். 'தான் செல்லாத இடத்துக்குச் சென்றதாகப் பொய்க் குறிப்பு எழுதியது' என்று அடிக்கும்போது என் விரல் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை என்பதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

விசாரணை நாளில் முத்தையா காக்கிச் சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, அலுவலக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். எங்கள் அலுவலகத்தில் யாரும் செருப்பைக் கழற்றச் சொன்னதில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் மேஜையின் ஓரத்தில் எழுதுவதற்காக உட்கார்ந்திருந்தேன்.

"முத்தையா, இது ஒன் கையெழுத்துதான?" இன்ஸ்பெக்டர் உறையைக் காட்டினார்.

"ஆமா சார்."

"வீட்டுக்குப் போனியா?"

"போகல சார்."

"ஏன்?"

"நேரம் காணல சார்."

"ஏழரை மைலுக்கு நேரம் காணலியா? நடுத்தெரு வழியாத்தான போற?"

முத்தையா உறையைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் அவசரப்படவில்லை. காத்திருந்தார்.

"இந்த வழியில ஏதாவது கஷ்டம் இருந்தா சொல்லு. கோமதிநாயகம் நேர்ல வந்து பாத்துத்தான் போட்டிருக்காரு. அன்னைக்கு உன்கூட வந்தாருல்லா?"

என் பேனா நின்றுவிட்டது. முத்தையா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தபாலைக் கொடுக்கும்முன் விலாசத்தைச் சரிபார்ப்பதுபோல் நிதானமாகப் பார்த்தார். 'வரவில்லை' என்ற ஒரு சொல் போதும். அவர் வேலை தப்பித்துவிடும், என் வேலை போய்விடும்.

"வந்தாங்க சார்" என்றார்.

எழுதினேன். என் கையாலேயே எழுதினேன்.

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்து மூடியைக் கையில் வைத்துக்கொண்டு முத்தையாவை வெளியே போகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அவன் எதையோ சொல்ல வந்துட்டு முழுங்கிட்டான் வே. ஒமக்கு ஏதாவது தெரியுமா?"

இரண்டாவது சந்தர்ப்பம். இப்படி ஒரு மனுஷனுக்கு இரண்டு தடவை கதவு திறக்காது. "தெரியாது சார்" என்றேன். அவர் மூடியை விரல்களில் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்தார். மூடி பேனாவில் ஏறிவிடாதா என்று என் மனசுக்குள் ஒரு பக்கம் கெஞ்சியது. ஏறவில்லை. அவர் கையெழுத்துப் போட்டார். முத்தையாவுக்கு வேலை போயிற்று.

யோசித்துப் பார்த்தால் நாங்கள் இரண்டு பேரும் செய்தது ஒரே குற்றம். போகாத இடத்துக்குப் போனதாக எழுதினோம். அவர் நேரம் இல்லாமல் எழுதினார், நான் குற்றாலத்தில் குளித்துவிட்டு எழுதினேன். அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். என்னைப் பரீட்சை எழுதச் சொல்லி, மேலே மேலே ஏற்றினார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நானே இன்ஸ்பெக்டராகத் திரும்பி வந்தேன். வந்த முதல் மாதமே அந்த வழித்தாளை எடுத்து, குளத்துக் கரை வளைவைப் பழையபடி சேர்த்து, நாலாவது குடியிருப்புக்குத் தனியாக ஆள் போட்டேன். அப்போது தபால்காரராக இருந்தவரும் கீழத்தெருக்காரர்தான். இதைச் சொல்லி நான் திருந்திவிட்டதாகக் காட்டிக்கொள்ளப் பார்க்கவில்லை. 'மாற்றத்துக்கான காரணம்' என்ற இடத்தில் 'நடுத்தெருவில் சாக்கடை வேலை' என்று எழுதினேன். சாக்கடையும் இல்லை, வேலையும் இல்லை. உண்மையான காரணத்தை எழுதினால் இலாகா கேட்கும், மாமனார் கேட்பார். அதிகாரம் கையில் வந்த பிறகும் அந்த வளைவை ஒளித்துத்தான் வைத்தேன். அந்த வளைவே தேவைப்படாமல் ஆக்கியிருக்க வேண்டும். முத்தையாவோ அவருக்குப் பின்னால் வந்தவரோ சைக்கிளில் உட்கார்ந்து நடுத்தெரு வழியாகப் போக வழி செய்திருக்க வேண்டும். அதற்கு நான் ஒரு தாள்கூட எழுதவில்லை.

அடுத்த சீசனில் பிள்ளைகளோடு குற்றாலம் போனேன். ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு சைக்கிள் ஸ்டாண்டு. வண்டியை விட்டுவிட்டுத் திரும்பினேன். டோக்கன் கொடுத்த கை எனக்குத் தெரிந்த கை. முத்தையா. தலை நரைத்திருந்தது. மனைவியையும் பிள்ளைகளையும் முன்னால் போகச் சொல்லிவிட்டு நின்றேன்.

"நல்லாருக்கீங்களா சார்?" என்றார். அவர்தான் முதலில் கேட்டார்.

என் வாயில் வந்தது ஒரே கேள்விதான். "முத்தையா, அன்னைக்கு நான் வந்தேன்னு ஏன் சொன்னீங்க?"

அதற்கு முன்னால் அவரை நான் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. வரிசையில் நின்ற ஒரு சைக்கிளை நேராக நிறுத்தினார்.

"நீங்க வரலன்னு சொன்னா, வந்திருந்தா என்னத்தப் பாத்திருப்பாருன்னு கேப்பாங்க சார். அதைச் சொல்லணும். சொல்லிட்டு நான் தென்காசில பஸ் ஏறி ஊருக்குத்தான திரும்பிப் போவணும். எங்க அண்ணன் உங்க மாமனார் வயல்லதான வேலை செய்யுதான். எங்க சனம் பூராவும் அங்கனதான இருக்கணும்."

அடுத்த சைக்கிளையும் நேராக நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"நீங்க வருவீங்கன்னு நம்பினேன் சார். எழுத முடியாதத வாயால சொல்லலாம்னு இருந்தேன். உங்களுக்கு சைக்கிள் இருக்குமோ இருக்காதோன்னு பக்கத்து வீட்டுல ஒரு சைக்கிள் வாங்கி வச்சிருந்தேன். ரெண்டு சைக்கிளயும் வச்சுகிட்டு குளத்தங்கரைல பதினோரு மணி வரைக்கும் நின்னேன். அப்புறம் உங்க மச்சினன் வீட்டு வேலைக்காரன்தான் சொன்னான், மாப்பிள்ளை குத்தாலம் போயிருக்காருன்னு."

அந்தப் பக்கம் அருவிச் சத்தம். வேறு யாரோ டோக்கன் கேட்டார்கள். அவர் அவர்களைக் கவனிக்கப் போய்விட்டார். நான் அன்றைக்குக் குளிக்கவில்லை. கால் வலி என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுக் கரையில் உட்கார்ந்திருந்தேன். திரும்பும்போது ஸ்டாண்டில் வேறு ஆள் இருந்தார். முத்தையாவிடம் மன்னிப்புக் கேட்க நான் மறுபடி போகவில்லை. அவர் இறந்து பல வருஷமாகிறது.

கவிதா, உங்கள் கம்ப்யூட்டரில் அந்த ஊரையும் தொட்டுப் பார்க்கச் சொல்லி அன்று ஒருவர் கேட்டார், ஞாபகம் இருக்கிறதா? கோடு நடுத்தெரு வழியாகத்தான் ஓடியது. கிட்டத்தட்ட நான் போட்ட அதே ஏழரை மைல் என்று கேட்டவரே சொன்னார். "சார் அப்பவே கரெக்டா போட்டிருக்காங்க" என்று நீங்கள் சொன்னீர்கள். இப்போது அந்தத் தெருவில் எல்லாரும் பைக்கில் போகிறார்கள் என்று என் மச்சினன் சொல்கிறான். அது நிஜமா என்று எனக்குத் தெரியாது. இன்னமும் நான் போய்ப் பார்க்கவில்லை.

ஆகவே அந்தக் கட்டத்தை எடுக்காதீர்கள். அதில் கையெழுத்துப் போடுகிறவர் நாள் முழுக்க அந்த வழியில் போகிறாரா என்று பாருங்கள். போகிற வழியில் தபால்காரர் எங்கே சைக்கிளை விட்டு இறங்குகிறார், ஏன் இறங்குகிறார் என்று அவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். என்னுடைய பழைய வழித்தாள் ஏதாவது தாள்கட்டுக்குள் கிடந்து உங்கள் கையில் அகப்பட்டால், கடைசிக் கட்டத்தில் என் பெயரை அடித்துவிடுங்கள். அதற்கு மேலே முத்தையா என்று எழுதுங்கள். அன்றைக்கு அந்த வழியில் நின்றவர் அவர் ஒருவர்தான், இரண்டு சைக்கிள்களோடு.